மெனுவில் வந்து நின்ற வீடு

முதலில் பிழை பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் எழுத்து கோணிக்கொண்டு போகும். ஒரு விஷயத்தைத் தொடங்கி இன்னொன்றுக்குள் போய்விடுவேன். ஞாபகமும் முன்போல் இல்லை. நேற்று யார் வீட்டில் தேத்தண்ணி குடித்தேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். ஆனால் யார் வீட்டுக் கொடியில் என்ன காய்ந்தது என்பது மட்டும் எப்படியோ மறப்பதில்லை.

நான் கலியாண நிலையத்து வேலையை விட்டு நின்ற பிறகு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வந்து சில வார்த்தை சொல்லும்படி நிலையத்தை நடத்தும் ஹாஜியார் கேட்டார். ஆட்களுக்கு முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏலாது என்றேன்.

"அப்ப எழுதித் தாங்க ராத்தா," என்றார். "கடதாசிக்கு முன்னால என்ன வெட்கம்? அது உங்களத் திரும்பிப் பாக்கவா போகுது?"

அந்தப் பேச்சில் எனக்குச் சந்தேகம்தான். எழுதியது திரும்பிப் பார்க்கும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம்முடைய வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் ஒன்று சொல்வார்கள், பெண் வீட்டார் ஒன்று சொல்வார்கள். இரண்டு பக்கமும் சொல்வது சரியா என்று போய்ப் பார்த்து வருவதுதான் என் வேலையாக இருந்தது. ஹாஜியார் முன் விறாந்தையில் ஆண்களோடு கதைப்பார். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குசினிப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். நான் கதைக்க மாட்டேன் என்பதால் எனக்கு முன்னால் எல்லாரும் கதைப்பார்கள். கூச்சம் இந்தத் தொழிலுக்கு நல்லது, பிள்ளைகள். யாராவது உங்களை ஊமை என்று சொன்னால் கோபப்பட வேண்டாம்.

சந்தேகப்படாமல் இந்த வேலை செய்ய முடியாது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். ஒரு தடவை அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனேன். வாப்பா மௌத்தாகிவிட்டார், ஒரே மகன் கட்டாரில், வீட்டில் உம்மா மட்டும் என்றார்கள். கை கழுவப் போகிறேன் என்று பின் பக்கம் போனால், கொடியில் ஒரு சாரன். ஈரம் சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஆம்பிளை இல்லாத வீட்டில் யாருடைய சாரன்? மகன் வெளிநாட்டில் இல்லையா? இல்லை, உம்மாவைப் பற்றியே ஏதாவது கதை இருக்கிறதா? பஸ்ஸில் வரும்போது வயிற்றுக்குள் அந்தச் சாரன் பிழிந்துகொண்டே இருந்தது. நிலையத்துக் கந்தோருக்கு வந்ததும் ஹாஜியார், "ஊடு எப்பிடி ராத்தா?" என்று கேட்டார். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "இன்னொருக்காப் போகணும்," என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் தரம் போனபோது அந்த உம்மாவிடம் நேரே கேட்டுவிட்டேன். அவ விழுந்து விழுந்து சிரித்தா.

"என்ட தம்பிக்காரன்ட சாரன் கா! அவன்ட ஊட்டுக் கிணறு உப்பாப் போன நாளிலரிந்து இஞ்ச வந்துதான் குளிக்கிறான். சவுக்காரமும் என்ட சவுக்காரம்தான். நீங்க வேணுமெண்டா அவனுக்கும் ஒரு பொண்ணு பாருங்க, என்ட சவுக்காரம் மிஞ்சும்."

அந்தக் கலியாணம் நடந்தது. நான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் நடந்திருக்காது. கேட்டுப் பார்க்கும் வரைக்கும் சந்தேகம் நம்முடைய வயிற்றுவலி. கேட்டுப் பதில் வந்த பிறகுதான் அது செய்தி. இதை மறக்காதீர்கள். பின்னால் எனக்கே இது தேவைப்பட்டது.

இனி இணையத்தளக் கதைக்கு வருகிறேன்.

மற்ற ஊர்களில் நம்மைப் போன்ற நிலையங்கள் எல்லாம் இணையத்தளம் வைத்துவிட்டன என்று ஹாஜியாருக்கும் ஆசை வந்தது. சாய்ந்தமருதில் சிபானா என்று ஒரு பிள்ளை. கைக்குழந்தைக்காரி. வீட்டிலிருந்தபடியே கணினி வேலை செய்து கொடுப்பாள். அவளிடம் சொல்லிச் சின்னதாக ஒன்று செய்வித்தார். அதைக் காட்ட அவள் கந்தோருக்கு வந்த அன்று நானும் எட்டிப் பார்த்தேன்.

"இது என்ன மகள், வாசலே இல்லாத கடை மாதிரி இரிக்கி?"

"வாசல் இரிக்கி மாமி. இஞ்ச மேல பாருங்க. இதுக்குப் பேர்தான் மெனு. முகப்பு, எங்களைப் பற்றி, மணமகன், மணமகள், தொடர்பு. எத அமத்துறீங்களோ அந்த அறைக்குள்ள போவீங்க."

"அமத்தினது ஆர் எண்டு நமக்குத் தெரியுமா?"

"தெரியா மாமி. இது எழுதி வெச்ச பக்கங்கள் மட்டும்தான். ஆர் வந்தாலும் அதே பக்கத்தப் பாத்துப்போட்டுப் போவாங்க. வந்தவங்கட பேர அது கேக்காது."

எனக்கு அது பிடிக்கவில்லை. நம்முடைய கந்தோருக்கு ஒருவர் வந்தால் படியடியில் செருப்பைக் கழற்றுவார். செருப்பைப் பார்த்தே யார் வீடு என்று நான் சொல்வேன். இதற்குள் யார் வந்தார், எதைப் பார்த்தார், எதற்குப் பார்த்தார் என்று ஒன்றும் தெரியாதாம். வந்தவர் நம்மைப் பார்ப்பார், நாம் அவரைப் பார்க்க முடியாது. இது நல்லதுக்கா என்று அன்றே யோசித்தேன். சொல்லவில்லை.

ஹாஜியார் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். பெண் பிள்ளைகளின் விபரம் ஒன்றும் அதில் வரக்கூடாது. மணமகன், மணமகள் இரண்டு அறைக்குள்ளும் 'நேரில் வாருங்கள், கதைப்போம்' என்ற ஒரு வரி மட்டும். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

உங்களுக்குத் தெரிந்ததைத் திரும்ப எழுதுகிறேன். நம்முடைய பக்கத்தில் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறான். வீடு பெண்ணோடு சேர்ந்தது. அதனால் பெண்ணைப் பற்றி விசாரிப்பவர்கள் பாதிக்கு மேல் வீட்டைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். நாங்களும் கந்தோரில் எந்தப் பிள்ளையின் பேரையும் சொல்வதில்லை. 'மாமரத்து வீடு', 'முடுக்கு வீடு' என்றுதான் சொல்வோம். அது வழக்கம். இப்போதும், நான் சொல்லப் போகும் பிள்ளையின் பேரை எழுதப் போவதில்லை.

அந்தப் பிள்ளை சாய்ந்தமருது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளுக்கு முன்பு பேசிய ஒரு இடம் பாதியில் நின்று போயிருந்தது. ஒரு இடம் குழம்பினால் ஊர் மறந்துவிடும். இரண்டாவதும் குழம்பினால் 'அந்தப் புள்ளைக்கு என்னவாம்?' என்று கதைக்கத் தொடங்கிவிடும். இரண்டாவதாக நாங்கள் பேசியது நிந்தவூர் மாப்பிள்ளை. எல்லாம் சரி வந்து, நாள் வைப்பதுதான் மிச்சம்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் காலையில் பிள்ளையின் உம்மா கந்தோர்ப் படியில் ஏறி வந்தா. செருப்பைக் கழற்ற மறந்து செருப்போடேயே வந்தா. கையில் போன். நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா அனுப்பிய படம் அதில் இருந்தது. நம்முடைய இணையத்தளத்தின் ஒரு பக்கம். கூடவே குரலும் அனுப்பியிருந்தா: "பேச்சு நடக்கக்குள்ளயே புள்ளைய நெட்டுல போட்டு வேற மாப்பிள்ளை தேடுறீங்களா? இதுக்கு ஒரு பதில் வராம நாங்க நாள் வைக்க மாட்டம்."

ஹாஜியார் அந்தப் பக்கத்தை வாசித்தார். சாய்ந்தமருதில் ஆசிரியை. மூத்த பிள்ளை. வெளியால் ஏறும் படியோடு, மேல்மாடி பாதி கட்டிய வீடு. மதிலுக்கு இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக நிற்கும் கிணறு.

அந்த வளவு ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தது. அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தபோது மதில் கிணற்றுக்கு மேலால் போனது. இங்கே பாதி, உம்மாவின் தங்கச்சியான சாச்சி வீட்டில் பாதி. இரண்டு பக்கத்தாலும் வாளி இறங்கும். ஒரே நேரத்தில் இறங்கினால் உள்ளே முட்டிக்கொள்ளும்.

"பேரு வேற தான் போட்டிரிக்கி," என்றா அந்த உம்மா. "ஆனா இந்தக் கிணறு வேற ஆருக்கு இரிக்கி ராத்தா? ரோட்டால போற சின்னப் புள்ளையும் சொல்லும் இது எங்கட ஊடு எண்டு." பிறகு என் பக்கம் திரும்பினா. "கலியாணம் பேசுற ஆக்கள்ள என்ட கிணத்தடி வரைக்கும் வந்து பாத்தது நீங்க ஒராள்தான்."

அதற்கு மேல் அவ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இத்தனை காலம் மற்ற வீடுகளை நான் பார்த்த பார்வை, அன்றைக்கு என் மேல் விழுந்தது.

என் சந்தேகம் முதலில் ஹாஜியார் மேல் போனது. மனம் மாறிப் பெண் பிள்ளைகளையும் போடத் தொடங்கிவிட்டாரோ? ஆனால் அவர் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப மேலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். அப்படி நடிக்கத் தெரிந்த ஆள் அவர் இல்லை. அடுத்தது சிபானா. அவள் வீடு பிள்ளையின் வீட்டு ஒழுங்கையில், அதே சந்தில், நேர் எதிரே இருக்கிறது. அவளுக்குப் பொறாமையோ? அவளுடைய சொந்தத்தில் யாருக்காவது அந்த மாப்பிள்ளையைப் பார்க்கிறார்களோ? பிள்ளையின் உம்மாவை ஆறுதல் சொல்லி அனுப்பி, நிந்தவூராரைப் பின்னேரம் வரும்படி கேட்டுவிட்டு, சிபானாவை வரச் சொன்னோம். அவள் ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் அவளுடைய குடும்பத்தில் கலியாணம் ஆகாத பெண்கள் யார் யார் என்று என் மனதுக்குள் ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டேன்.

குழந்தை இடுப்பில், லெப்டொப் தோளில். வந்து நின்றாள்.

"இத ஆர் எழுதின?" என்று ஹாஜியார் கேட்டார்.

"நான்தான்," என்றாள்.

அவ்வளவு சுருக்காகச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. அதுவே எனக்கு இன்னொரு சந்தேகமாக இருந்தது.

"ஆனா நான் போடல்ல ஹாஜியார். தொடக்கத்தில நீங்க பொண்ணுகள்ற விபரம் போடுறதா இல்லையா எண்டு சொல்லல்ல தானே. எழுத்து நெறைய இருந்தா பக்கம் எப்பிடி நிக்கும் எண்டு பாக்கிறதுக்கு எனக்கு ஒரு மாதிரிப் பக்கம் தேவப்பட்டிச்சு. எங்கட ஊட்டுச் சன்னலால பாத்தன். முன்னால தெரிஞ்சத எழுதினன். பேர மாத்தினன். பேர மாத்தினாச் சரி எண்டு நெனச்சிட்டன்." அவளுடைய குரல் இறங்கியது. "மறுகா நீங்க வேணாம் எண்டீங்க. நான் அந்தப் பக்கத்துக்கு எங்கயும் வழி வைக்கல்ல. அது சும்மா, கணினியில பக்கங்களப் போட்டு வெக்கிற பெட்டிக்குள்ள கிடந்திச்சு."

"கிடந்தது எப்பிடி மகள் எழும்பி வந்த?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மெனு செஞ்ச வேல மாமி. முந்தி மெனுவ நானே கையால எழுதி வெச்சிருந்தன். இப்பக் கிட்டடியில ஹாஜியார் ஒரு பக்கம் கூடச் சேக்கச் சொன்னாரே, அப்ப லேசா இரிக்கட்டும் எண்டு அத மாத்தினன். பெட்டிக்குள்ள என்னென்ன பக்கம் இரிக்கோ அத்தனையையும் எடுத்து, சைட்டையும் கட்டி, மெனுவையும் அதுவே செய்யும். வேணுங்கிறது எது, கிடக்கிறது எது எண்டு அதுக்குத் தெரியா. கிடந்ததையும் எடுத்து மணமகளுக்குக் கீழ வெச்சிட்டு."

நான் நம்பவில்லை. "எனக்கு முன்னால செஞ்சு காட்டு," என்றேன்.

குழந்தையை ஹாஜியாரின் கையில் கொடுத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். 'கல்முனை, படி ஏறிப் போகும் கந்தோர், காற்றாடி சத்தம் போடும்' என்று ஒரு பக்கம் எழுதி அந்தப் பெட்டிக்குள் போட்டாள். ஏதோ ஒன்றைத் தட்டினாள். மெனுவில் நம்முடைய கந்தோர் வந்து நின்றது. அவள் அதை வா என்று கூப்பிடவே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி தட்டினாள். போய்விட்டது.

"இன்னொருக்கா," என்றேன்.

"மாமி, நான் மாயமா காட்டுறன்?" என்றாள். என்றாலும் செய்தாள். மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. அதற்குப் பிறகுதான் எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடிந்தது. அழுது முடித்த முகம்.

இப்போது அடுத்த கேள்வி. ஹாஜியார் உடனே அழிக்கச் சொன்னார். சிபானா யோசித்தாள். "நிந்தவூரால பின்னேரம் வாறாங்க எண்டீங்களே. இப்ப அழிச்சா, களவு பிடிபட்டதும் ஒளிச்சிட்டாங்க எண்டு சொல்லுவாங்க. வந்து பாக்கட்டும், மறுகா எடுப்பம்." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்ததே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தப் பக்கம் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் யார் கண்ணிலோ அந்தக் கிணறு விழலாம். எங்களுக்குக் கெட்ட பேர் வந்தால் நாங்கள் துடைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு வந்தால்?

"எடு மகள்," என்றேன். "இப்பவே எடு. நம்மளப் பத்தி என்ன வேணுமெண்டாலும் சொல்லட்டும்."

அவள் எடுத்தாள். பிறகு, பழையது அவளுடைய லெப்டொப்புக்குள் அப்படியே இருக்கிறது, அதை வெளியில் யாரும் பார்க்க முடியாது, வருகிறவர்களுக்கு இதிலேயே திறந்து காட்டலாம் என்றாள். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை மேல் எனக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா வந்தா. கூடவே அவவுடைய மகள். மகள் கலியாணம் முடித்தவள், நல்ல கலகலப்பு, வந்ததும் குழந்தையை வாங்கிக் கொஞ்சத் தொடங்கிவிட்டாள். உம்மா அப்படி இல்லை. பிளேன்டீயைத் தொடவில்லை.

"வாற வழியில பாத்தம். அழிச்சிட்டீங்க," என்றா. "களவு இல்லாட்டி ஏன் அழிக்க? கலியாணம் பேசுற எடமா இது, சந்தையா? ஒரு பொண்ணக் காட்டி எத்தின பேருக்கு விலை பேசுற?"

ஹாஜியார் நடந்ததைச் சொன்னார். சிபானா லெப்டொப்பைத் திறந்து, நம்முடைய தளம் அப்போது இருந்தபடியே காட்டி, பெட்டியையும் காட்டினாள். உம்மா வாயைக் கோணி வைத்துக்கொண்டே பார்த்தா.

இங்கே நான் ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. காலையிலிருந்து எல்லாரும் அந்தப் பக்கத்தைப் பற்றியே கதைக்கிறார்கள். நான் பார்த்தது போனில் வந்த படத்தையும், சிபானாவின் பெட்டியையும்தான். வெளியில் இருக்கும் ஆட்கள் தங்களுடைய போனால் எப்படி அதற்குள் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சிபானாவிடம் கேட்க வெட்கம். அந்த மகள் சிரித்த முகமாக இருந்ததால் அவளிடம் கேட்டேன்.

"மகள், நீங்க எப்பிடி இதுக்குள்ள போன? எனக்கும் ஒருக்காக் காட்டித் தாங்களன்."

"இதென்ன மாமி, லேசு!" குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் சிபானாவின் லெப்டொப்பில் காட்டினாள். "முதல் இந்த முகப்பு வரும். மேல பாருங்க, மணமகள் எண்டு இரிக்கி. அத அமத்தினா கீழால திறக்கும். உம்மா எல்லா ஊர்ப் பொண்ணுகளையும் பாப்பம் எண்டா. ஆனா உள்ள இந்த ஒண்டுதான் கிடந்திச்சு. பாத்தா, அட, நம்மட புள்ள!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

சிபானா மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தானாக யாருடைய போனுக்கும் போகவில்லை. மெனுவில் மணமகள் என்பதை அமத்தியவருக்கு மட்டும்தான் அது தெரியும். நாள் வைக்கப் போகிறவர்களுக்கு அந்த அறைக்குள் என்ன வேலை?

ஹாஜியார் வாயைத் திறக்கப் போனார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். எனக்கு அந்த ஈரச் சாரன் ஞாபகம் வந்தது. கேட்காமல் ஒன்றும் சொல்லக் கூடாது.

"ராத்தா," என்றேன். அவ என்னைவிட இளையவதான், ஆனால் அப்படித்தான் வாயில் வந்தது. "வேற எடமும் பாக்கிறீங்களா?"

அவ கதிரையில் கொஞ்சம் அசைந்தா. மகளை ஒரு பார்வை பார்த்தா. மகள் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"சும்மா பாத்த."

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குச் சுகமான வேலை. மற்றவர்களுக்குத்தான் அது கஷ்டம்.

"அந்தப் புள்ள நல்ல புள்ள," என்று அவவே தொடங்கினா. "நான் குறை சொல்லல்ல. ஆனா மேல்மாடி பாதி. கிணறும் பாதி. பொறந்ததில இரிந்து என்ட மகன் முழுக் கிணத்துல குளிச்சு வளந்தவன். மதிலுக்கு அங்கால மற்றவங்க வாளி விட, இஞ்சால இவன் வாளி விடுறதா? ஊர் என்ன சொல்லும்? அதுதான், இன்னும் நல்ல ஊடு ஏதும் இரிக்கா எண்டு பாத்த. ஒரு தாய் பாக்க மாட்டாளா?"

அதற்குப் பிறகு அவவுக்கு அவசரம் வந்துவிட்டது. பிளேன்டீயை ஒரே இழுவையில் குடித்தா. "சரி, நடந்தது நடந்து போச்சு. உங்கட பக்கமும் ஒரு பிழை, எங்கட பக்கமும் ஒண்டு. வாற கிழமையே நாள் வைப்பம். இஞ்ச கதைச்சத அங்க போய்ச் சொல்லத் தேவல்ல, என்ன ராத்தா?"

அவர்கள் படி இறங்கிப் போனதும் ஹாஜியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாள் வைக்கிறம் எண்டுட்டாங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அவர் என்ன சொல்லாமல் விட்டார் என்று எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கலியாணம் நடக்கும். பிள்ளைக்கு இரண்டாம் தரமும் குழம்பியது என்ற பேர் வராது. நம்முடைய பிழையும் மறைந்துவிடும். இவ்வளவு நல்லது ஒன்றாகச் சேர்ந்து வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். வந்தது.

சாய்ந்தமருதுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். கேட்காத வரைக்கும் அது என் வயிற்றுவலி. இப்போது கேட்டாகிவிட்டது. பதிலும் வந்துவிட்டது. இனி அது செய்தி. செய்தி என்றால் அது என்னுடையது இல்லை, அந்த வீட்டுக்குச் சொந்தமானது. வைத்துக்கொண்டால் நானும் அதை ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்தவள் ஆவேன். எந்த நாளில், எந்த மெனுவில் எழும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்? மேல்மாடியைக் கட்டி முடித்து, மாப்பிள்ளை வந்து குடியிருந்து, பிள்ளை குட்டி ஆன பிறகு வந்தால்?

பிள்ளையின் உம்மா என்னைக் குசினிக்குள் கூட்டிப் போனா. முதலில் அந்தப் பக்கம் எப்படி வந்தது என்று சொன்னேன். சிபானா செய்த பிழையை மறைக்கவில்லை. அவள் நாளைக்கு நேரில் வந்து பொறுத்துக்கொள்ளக் கேட்பாள் என்றும் சொன்னேன். பெட்டி, மெனு எல்லாம் எனக்கு விளங்கிய மாதிரிச் சொன்னேன். நிந்தவூரார் நாள் வைக்கத் தயார் என்றும் சொன்னேன். அவவுக்கு உயிர் வந்தது. பிறகு மற்றதையும் சொன்னேன். எந்த அறையை அமத்தினார்கள், ஏன் அமத்தினார்கள், கிணற்றைப் பற்றி என்ன சொன்னார்கள்.

அவ அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தா. "இத நீங்க சொல்லாம விட்டிருக்கலாம் ராத்தா," என்றா. கோபமா, நன்றியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

குசினியின் பக்கவாட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. கிணற்றடியில் அந்தப் பிள்ளை வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக இறக்குகிறாள் என்று தெரியாது. நம்முடைய வழக்கத்தில் பெண் பிள்ளை கலியாணம் பேசுகிறவளோடு நேரே கதைப்பதில்லை. அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமி, அந்தப் பக்கத்த எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மகள்."

"பெட்டிக்குள்ளாலயுமா?"

"அதுக்குள்ளாலயும் எடுக்கச் சொல்றன்."

"எடுக்கச் சொல்லுங்க." வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. "நிந்தவூர்ப் பேச்சையும் அப்பிடியே எடுத்திருங்க மாமி. அவங்க இன்னொரு ஊடு தேடி முடியும் வரைக்கும் என்னப் பெட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்க வேணாம்."

அவளுடைய உம்மா எழும்பினா. ஏதோ சொல்ல வாயெடுத்தா. அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாச்சியின் குரல் வந்தது.

"நல்ல கதை சொன்னாய் புள்ள! ஒழுப்பம் பொறு, கொஞ்சம் நில்லு, உன்ட வாளி என்ட கயித்துல சிக்கிட்டு. மெதுவா இழு, நானும் இழுக்கிறன்."

முழுதும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா.

பேச்சு நின்றது. ஊர் கதைத்தது, கொஞ்ச காலம். அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கிறாள். அதற்கு மேல் சொன்னால் யார் என்று தெரிந்துவிடும். சிபானா மெனுவை மறுபடியும் கையால்தான் எழுதுகிறாள். அதை அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். என்றாலும், நான் வேலையை விட்டு நின்ற நாள் வரைக்கும் போகும் போதெல்லாம், "எல்லாத்தையும் ஒருக்கா அமத்திக் காட்டு," என்று கேட்காமல் விட்டதில்லை.

ஒரு வேலை இருக்கிறது, மகள் சிபானா. இதை எல்லாருக்கும் கொடுக்கும் முன் நீ வாசித்துப் பார். கணினி விஷயத்தை நான் பிழையாக எழுதியிருந்தால் திருத்து. அந்தக் கிணற்றை நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்த வீட்டில் பாதியாக இருந்தது வேறு ஒன்று. எது என்று உனக்குத் தெரியும். ஊரையும், மற்றச் சிலதையும் கூட மாற்றினேன். ஆனால் எழுத எழுத, மாற்ற மறந்த ஏதாவது ஒன்று உள்ளே கிடக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. அந்த ஒழுங்கையில் குடியிருப்பவள் நீ. உன் சன்னலடியில் நின்று, ஒவ்வொரு வரியாக, வெளியே பார்த்துப் பார்த்து வாசி. எந்த வரியிலாவது அந்த வீடு தெரிந்தால் அதை வெட்டிவிடு. பிறகு இதை எந்தப் பெட்டிக்குள் போடுகிறாய் என்றும் ஒருக்காப் பார்த்துப் போடு.